சீரியல் ரசிகர்கள் தந்த பணம்: நம் அரங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பதினாறு வருடமாக நம் அரங்கத்தின் ஒளி மேசையில் உட்கார்ந்து மேடை விளக்குகளை இயக்குகிறவள் எழுதும் மடல் இது. உங்களில் பலர் என்னைப் பின்வரிசைக் கூண்டின் இருட்டில்தான் பார்த்திருப்பீர்கள். குழுக் கூட்டத்தில் நான் உறுப்பினர் இல்லை. போன கூட்டத்தில் தேநீர் இடைவேளைக்கு முன்பு ஓரமாக நின்று கேட்டது மட்டும்தான். அன்று வாய் திறக்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்குப் போயும் மனசு ஆறவில்லை. உங்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் பணம் தந்தவர்களும் நம் நாடகங்களுக்கு வருகிறவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று தோன்றியதால் எல்லோர் முன்னும் வைக்கிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் மேடையில் சின்னச் சின்ன வேடங்களில் நடித்துப் பழகிய ஒருவர் இன்று ஒரு தொலைக்காட்சித் தொடரில் முக்கிய நடிகர். ஒரு பேட்டியில், தான் முதன்முதலில் மேடையேறிய இடம் எது என்று சொன்னார். மழை வந்தால் அங்கே மூன்றாவது வரிசையில் வாளி வைப்பார்கள் என்றும் அன்போடு சொன்னார். அதைக் கேட்ட ரசிகர்கள், அவர் பிறந்தநாளுக்குப் பரிசுப்பொருள் அனுப்புவதை விட்டுவிட்டு, நம் கூரைக்காகப் பணம் திரட்டினார்கள். கொடுத்தவர்கள் நானூறு பேருக்கு மேல். பெரும்பாலும் சின்னத் தொகைகள். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் நம் ஒரு வருட நுழைவுச்சீட்டு வசூலைத் தாண்டுகிறது.

பணம் வந்து நான்கு மாதம் ஆகிறது. ஏற்றுக்கொண்டோம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பணம் கிடைத்தது என்று இரண்டு வரி எழுதிப் போடக்கூட நமக்குக் கை வரவில்லை.

அன்றைய கூட்டத்தில் மூன்று காரணங்கள் சொல்லப்பட்டன. நாடகம் என்றால் என்னவென்றே தெரியாத சீரியல் கூட்டம் இது என்றார் ஒருவர். இன்றைக்குப் பணம் கொடுப்பார்கள், நாளைக்கு அரங்கத்துக்கு அந்த நடிகர் பெயரை வைக்கச் சொல்வார்கள் என்றார் இன்னொருவர். தொடர் முடிந்தால் இவர்கள் ஒருவரும் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்க மாட்டார்கள் என்பது மூன்றாவது. சொன்னவர்கள் மூவரும் இந்த அரங்கத்துக்காகப் பாடுபட்டவர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மூன்றுமே தவறு.

முதலில் அந்தச் 'சீரியல் கூட்டம்'. அவர்களில் ஒருவரை நான் நேரில் பார்த்தேன். உங்களில் யாரும் அன்று அரங்கில் இல்லை.

ஒரு வார நாளின் மதியம். ஏணி மேல் நின்று விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நடுவயதுப் பெண் ஒருவர் வாசலில் தயங்கி நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்டார். நாடகம் இன்றைக்கு இல்லையே அம்மா என்றேன். தெரியும், மேடையை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். வேலை நாளில் விடுப்புப் போட்டுவிட்டு, அதற்காகவே நெடுந்தூரம் பயணம் செய்து வந்திருக்கிறார். அந்த நடிகர் முதல் நாடகத்தில் என்ன செய்தார் என்று கேட்டார். வசனமே கிடையாது, இரண்டாவது காட்சியில் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான் என்றேன். எங்கே வைத்தார் என்றார். நாற்காலிக் கால்களுக்கு ஒட்டிய நாடா எல்லாம் எப்போதோ உரித்தாகிவிட்டது. அடியில் இருந்த பசைத் தடம் மட்டும் தரையில் நான்கு கருப்புப் புள்ளிகளாக இருக்கிறது. காட்டினேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்த நான்கு புள்ளிகளுக்கு நடுவில் போய் நின்றார்.

கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு திரும்பி, காலி இருக்கைகளைப் பார்த்து, "இங்கே நின்றால் இவ்வளவு பக்கத்தில் முகம் தெரியுமா?" என்று கேட்டார். தொலைக்காட்சியில் அண்மைக் காட்சிகளாகவே பார்த்துப் பழகிய ஒருவர், நடிகன் பார்வையாளரின் முகத்தைப் பார்க்க முடியும் என்பதை அந்த நிமிடத்தில் கண்டுபிடித்தார். நாடகம் என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாக யாருக்கும் என்னால் சொல்லிக்கொடுக்க முடியாது. போகும்போது அடுத்த நாடகம் எப்போது என்று தேதி குறித்துக்கொண்டார். வந்தார். நான்காவது வரிசையில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தார். அவருக்குப் பிடித்த நடிகர் அந்த நாடகத்தில் இல்லவே இல்லை.

ஒரு தொடரை நேசிப்பவர்கள் என்ன செய்யக்கூடியவர்கள் என்பதற்குத் தொலைக்காட்சி வரலாற்றில் சாட்சி உண்டு. 2007 மே மாதம் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி 'ஜெரிக்கோ' என்ற தொடரை நிறுத்தியது. தொடரின் கடைசி அத்தியாயத்தில் நாயகன் சொன்ன 'நட்ஸ்' (நேர்ப்பொருளில் கடலை, கொட்டை) என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ரசிகர்கள் அந்த அலுவலகத்துக்குக் கடலை அனுப்பத் தொடங்கினார்கள். சுமார் 20 டன். பேசப்பட்டது அந்தக் கடலை மட்டும்தான். ஆனால் அதே மாதம் சூறாவளியில் தரைமட்டமான கிரீன்ஸ்பர்க் என்ற சிற்றூருக்கும் அவர்கள் பணம் சேர்த்தார்கள். தொடரின் கதை நடப்பதும் அந்த ஊர் இருப்பதும் ஒரே மாநிலம், கேன்சஸ். கதையில் ஒரு சிற்றூர் பிழைத்துக் கிடப்பதை வாரா வாரம் பார்த்தவர்களுக்கு, நிஜத்தில் ஒரு சிற்றூர் விழுந்தபோது சும்மா இருக்க முடியவில்லை. நம்முடைய நானூறு பேருக்கும் அதுதான் நடந்திருக்கிறது. ஒழுகுகிற கூரை என்று காதில் விழுந்தது. கை பைக்குப் போனது.

தொடர் முடிந்தால் போய்விடுவார்கள் என்றீர்கள். 'ஃபயர்ஃபிளை' என்று ஒரு தொடர். 2002இல் தொடங்கியது. எடுத்ததே 14 அத்தியாயங்கள்தான். முதல் ஒளிபரப்பில் அதிலும் 11 மட்டுமே வெளிவந்தன. அதன் கதை 2005இல் ஒரு திரைப்படமாக முடிந்தது. அடுத்த வருடமே, 2006இல், ரசிகர்கள் அந்தப் படத்தை ஊர் ஊராகத் திரையிட்டு, வரும் பணத்தைப் பெண்களின் உரிமைக்காகப் பாடுபடும் 'ஈக்வாலிட்டி நவ்' அமைப்புக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். தொடர் நின்று பல வருடங்கள் ஆன பிறகும் அந்தத் திரையிடல்கள் தொடர்ந்தன. பதினான்கே அத்தியாயத்துக்கு அவ்வளவு ஆயுள். நம் நடிகரின் தொடர் நாளைக்கே முடிந்தாலும் ரசிகர்கள் கலைந்துவிடுவார்கள் என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

சரி, கலைந்தே போகட்டும். போட்ட கூரையைக் கழற்றிக்கொண்டா போவார்கள்?

பெயர் வைக்கச் சொல்வார்கள் என்ற பயத்தைப் பற்றித்தான் எனக்கு மிகவும் வருத்தம். பணத்தோடு ஒரு கடிதம் வந்ததே, அதை உங்களில் எத்தனை பேர் படித்தீர்கள்? அலுவலக அறையில் பச்சைக் கோப்பில் இருக்கிறது. ஒரு பக்கம்தான். யார் பெயரையும் எங்கேயும் எழுத வேண்டாம், பணம் கூரைக்கு, மீந்தால் அரங்கத்துக்கு வருகிறவர்களின் வசதிக்கு என்று எழுதியிருக்கிறார்கள். நடிகரை அழைத்து வரச் சொல்லவில்லை. அவர் கையெழுத்துப் போட்ட படம் கேட்கவில்லை. 2013இல் 'வெரோனிகா மார்ஸ்' தொடரைத் திரைப்படமாக்க, பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் நிதி கேட்டபோது 91,585 பேர் 57 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அது ரசிகர்களின் பணபலத்தை உலகத்துக்குக் காட்டிய நிகழ்வு. அங்கே கொடுத்தவர்களுக்குத் தொகைக்கேற்பச் சட்டை, திரைக்கதைப் பிரதி என்று ஏதாவது கைக்கு வந்தது. தாங்கள் ஆசைப்பட்ட படமும் கிடைத்தது. அதில் தவறே இல்லை. நமக்குக் கொடுத்தவர்கள் அதுகூடக் கேட்கவில்லை. பார்த்தேயிராத ஒரு கட்டடத்தில், தங்களுக்குத் தெரியாத யாரோ நனையாமல் உட்கார்ந்து நாடகம் பார்க்கட்டும் என்று கொடுத்திருக்கிறார்கள்.

பார்த்தேயிராதவர்கள் கட்டிக்கொடுத்த அரங்கம் நாடக உலகத்துக்குப் புதிதும் இல்லை. ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டில் அவர் நினைவாக இருந்த அரங்கம் 1926இல் தீப்பிடித்து எரிந்தது. புதிய அரங்கம் 1932இல் திறந்தபோது அதற்கான பணத்தில் பெரும் பங்கு கடல் தாண்டி அமெரிக்காவிலிருந்து வந்திருந்தது. கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் அந்த இருக்கைகளில் ஒரு நாளும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். புத்தகத்தில் படித்து மயங்கியவர்களின் பணம் கௌரவம், தொலைக்காட்சியில் பார்த்து மயங்கியவர்களின் பணம் மட்டும் இளப்பமா? மயக்கம் ஒன்றுதான். எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்பதுதான் வேறு.

கூரையைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் கீழே உட்காருகிறவர்களுக்கு அந்த வாளி மட்டும்தான் தெரியும். சொட்டும் சத்தம் கேட்காமல் இருக்க வாளிக்குள் பழைய துண்டு ஒன்றை மடித்துப் போடுகிறோம். அப்படியும் கேட்கும். போன மழைக்காலத்தில், மகன் இறந்த செய்தி கேட்டுத் தாய் ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்கும் காட்சி. மூன்று நிமிடம் முழு அமைதி. அந்த மூன்று நிமிடமும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நடித்த பெண் அசையவில்லை. பார்வையாளர்களும் அசையவில்லை. நான் கூண்டுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அது மனக்கஷ்டம். ஆபத்து அதற்கு மேலே இருக்கிறது. ஒழுகும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் விளக்குகள் தொங்கும் குழாய் போகிறது. காற்றோடு மழை பெய்தால் தண்ணீர் அந்தக் குழாய் மேல் இறங்கி, அதன் வழியாகவே ஓடி, மின் இணைப்புகள் இருக்கும் பக்கம் வருகிறது. இரண்டு வருடமாக மழை நாட்களில் அந்தப் பக்கத்து நான்கு விளக்குகளையும் நான் எரிப்பதில்லை, இணைப்பையே கழற்றிவிடுகிறேன். இடது பக்கம் ஏன் இருட்டாக இருக்கிறது என்று இயக்குநர்கள் கேட்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். குழுவுக்கும் எழுதிக் கொடுத்தேன். பணம் இல்லை என்றீர்கள். அப்போது இல்லை, உண்மைதான்.

இப்போது இருக்கிறது. வங்கிக் கணக்கில் சும்மா கிடக்கிறது.

இன்னொன்றையும் ஒளிவு மறைவு இல்லாமல் சொல்கிறேன், இல்லையென்றால் சொந்த ஆதாயத்துக்குப் பேசுகிறாள் என்று தோன்றலாம். இந்தப் பணத்தில் என் விளக்குகளுக்கு ஒரு காசும் வேண்டாம். தேவை இல்லாமல் இல்லை. நம்மிடம் இருப்பவை பழைய ஆயிரம் வாட் விளக்குகள். ஒவ்வொன்றும் அடுப்பு மாதிரிக் காய்கிறது. முன்னால் மாட்டும் வண்ணத்தாள்களில் கருநீலம்தான் முதலில் வெளுக்கும். அதுதான் வெளிச்சத்தை அதிகம் விழுங்கிச் சூடேறுகிறது. நாடகம் தொடங்கும்போது நள்ளிரவாக இருந்த மேடை, கடைசிக் காட்சி நாளுக்குள் விடியற்காலை ஆகிவிடுகிறது. எல்.இ.டி. விளக்குகள் வந்தால் தாளும் வேண்டாம், மின்சாரமும் மிச்சம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஆடரங்கின் நீள அகலம் சொல்லி, மூன்று வகைத் திரை சொல்லி, தூணின் நிழல் அரங்கிலும் அவையிலும் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்றும் இளங்கோவடிகள் சொல்லியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. அன்றைக்கு அந்த விளக்கை ஏந்தி வைத்தவரும் என்னைப் போல ஒருவர்தானே என்று பல தடவை நினைத்திருக்கிறேன். நம் மேடையில் இன்றும் வலது தூணின் நிழல் விழுகிறது. அதைச் சரிசெய்ய எனக்கு ஆசை இருக்கிறது.

ஆனால் அவர்கள் கூரைக்கு என்று கொடுத்தார்கள். கூரைக்குத்தான் போக வேண்டும். முகப்புக்கு வண்ணம் பூச வேண்டும், வரவேற்பறைக்கு நாற்காலி வாங்க வேண்டும் என்றெல்லாம் அன்று இரண்டொருவர் கணக்குப் போட்டதும் என் காதில் விழுந்தது. ஒரு பக்கம் இவர்கள் பணமே வேண்டாம் என்கிறோம், மறுபக்கம் அதை எதில் செலவழிக்கலாம் என்கிறோம். ஒரு காரியத்துக்கு என்று கொடுத்த பணத்தை வேறு காரியத்துக்குத் திருப்புவதற்குக் கொடுத்தவர்களைக் கேட்க வேண்டும். கேட்காமல் செய்தால் அதற்கு வேறு பெயர். வேண்டவே வேண்டாம் என்றால், அதற்கும் ஒரு மரியாதை இருக்கிறது: நானூறு பேருக்கும் திருப்பி அனுப்புங்கள். வாங்கவும் இல்லை, விடவும் இல்லை என்று நடுவில் வைத்திருப்பதுதான் கூடாது.

வாங்குவது என்று முடிவெடுத்தால், அவர்களிடம் கணக்கு மறைக்காதீர்கள். கூரை வேலைக்கு எவ்வளவு கேட்டார்கள், யாருக்குக் கொடுத்தோம், எவ்வளவு மீந்தது என்று ஒரு தாளில் எழுதி அனுப்பினால் போதும். பழைய கூரையையும் புதிய கூரையையும் படம் எடுத்துத் தருகிறேன். ஏணி என்னிடம் இருக்கிறது. நடிகரின் படத்தையோ தொடரின் பெயரையோ நம் துண்டறிக்கையில் போட்டு ஆள் சேர்க்க நினைக்காதீர்கள். தொடரின் பெயரும் சின்னமும் தயாரிப்பாளர்களுக்குச் சொந்தம். அனுமதி இல்லாமல் தொட்டால் நமக்குத்தான் வம்பு. அதைவிட முக்கியம், அந்தப் பையன் இங்கே நாற்காலி தூக்கினான் என்பதற்காக அவன் முகத்தை நாம் விற்கக் கூடாது. அவன் என்று எழுதிவிட்டேன். எனக்கு அவன் இன்னும் அந்தப் பையன்தான்.

அவர்களை அரங்கத்துக்கு அழையுங்கள். அடுத்த நாடகத்தின் ஒத்திகை ஒன்றைத் திறந்து வையுங்கள். நம் இருக்கைகளில் பாதி பல நாட்கள் காலியாகக் கிடப்பது எனக்கு மேலிருந்து உங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஒரு மனிதனின் நடிப்பைப் பார்த்துவிட்டு அவன் எங்கே கற்றுக்கொண்டான் என்று தேடி வருகிற பார்வையாளர், நமக்குக் கிடைக்கக்கூடியவர்களிலேயே நல்ல பார்வையாளர். நம்மில் பலர் நாடகத்துக்கு வந்த கதையும் அப்படித்தான். நான் வந்தது வானொலி நாடகம் கேட்டு. குரலுக்குச் சொந்தக்காரரைப் பார்க்கலாம் என்று வந்தேன். அவர் இல்லை, விளக்குப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது.

கடைசியாக ஒன்று. அந்தப் பச்சைக் கோப்பில் கடிதத்துக்குப் பின்னால், பணம் கொடுத்தவர்கள் எழுதிய சிறு குறிப்புகளின் பட்டியலும் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு வரி வாழ்த்து. மூன்றாவது பக்கத்தில் ஒருவர் மட்டும் கேள்வி கேட்டிருக்கிறார்: "என்றாவது ஒரு நாள் வந்து நாடகம் பார்க்க ஆசை. உங்கள் வாசலில் சக்கர நாற்காலி ஏறுமா?"

நான்கு மாதமாக அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஏறாது என்பதுதான் இன்றைய பதில். அதை எழுத எனக்கு மனம் வராததால், நேற்று மாலை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். மூன்று படி, ஒவ்வொன்றும் 15 செ.மீ. மொத்தம் 45 செ.மீ. உயரம். ஒருவர் தன் கையாலேயே உருட்டி ஏற வேண்டுமானால் ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளத்தில் சாய்தளம் வேண்டும். ஆக 5 மீட்டர் 40 செ.மீ. வாசலுக்கு முன்னால் நமக்கு இருப்பது நான்கு மீட்டர்தான். ஆனால் இடது பக்கம், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், ஒரு சமதளம் விட்டுத் திருப்பினால் இடம் போதும். மேடை அமைக்கும் தச்சரையும் கூட்டிப்போய்க் காட்டினேன். முடியும் என்றார். கைப்பிடி இரண்டு பக்கமும் வைக்க வேண்டும் என்று அவரே சொன்னார்.

வரைபடத்தை அந்தக் கோப்பிலேயே, அவருடைய கேள்வி இருக்கும் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு முன்பு பார்த்துவிடுங்கள். அன்று ஒத்திகை இருப்பதால் நான் கூண்டில்தான் இருப்பேன். முடிவானதும் யாரையாவது மேலே அனுப்புங்கள். அவருக்கு எழுத வேண்டிய பதிலை அன்றிரவே எழுதிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஒளி மேசைக்காரி